கயிறு விழுந்த ஏடு

கங்கைகொண்ட சோழபுரம்,
விய வருஷம் ஐப்பசி மாதம் 4ந் தேதி.

சிரஞ்சீவி பஞ்சநாதனுக்கு அம்மா ஜெகதாம்பாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. சௌபாக்கியவதி சாந்தாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். நானும் உன் அப்பாவும் விடாத மழையில் நனைந்தாலும் உடம்புக்குக் குறைவொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் மூவரும் பட்டணத்து ரேஷன் அரிசியைத் தின்றுகொண்டு எப்படி இருக்கிறீர்கள் என்று இதைப் படித்த கையோடு பதில் போட வேண்டும். சிவப்பிப் பசு காளைக் கன்று போட்டிருக்கிறது, பாலுக்குக் குறைவில்லை, குடிக்கத்தான் ஆள் இல்லை. முந்திரிக் கொல்லை வேலி மழையில் சாய்ந்துவிட்டது. உன் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி, ஜெயங்கொண்டத்துக்குப் போய்ப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்றால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதையும் பிடுங்காமல் வைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதுதான் அவர் சுபாவம், உனக்குத் தெரியாததா. அது எனக்கு வராது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். சாந்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடாதே.

தீபாவளி கழிந்ததும் மீன்சுருட்டி ராசாங்கம் அரியலூரில் ரயிலேறி உன் சுவடிச்சாலைக்கு வருகிறான். ஆமாம், உன் தங்கை புஷ்பவல்லியின் மாமனார், அவனேதான். கையில் அவர்கள் வீட்டு அம்மன் மாலை ஏடு இருக்கும். அதன் நடுவில் ஒரு ஓலையைப் பிரித்துக் காட்டி, இது பழைய எழுத்தா புதிய எழுத்தா என்று உங்கள் பண்டிதர்களையும் உன்னையும் வைத்துக்கொண்டு கேட்பான். எழுதி, முத்திரை வைத்து வாங்கிக்கொண்டு போவேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். அந்த ஓலையை எழுதியது நான். பயப்படாதே, முழுவதும் சொல்கிறேன், நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் புஷ்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாரண வருஷம் ஆவணியில் அவள் போனபோது நீ பட்டணத்தில் இருந்தாய். உன் அப்பா ஒரு கார்டில் காய்ச்சலில் தவறிவிட்டாள் என்று எழுதிப் போட்டார். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசல் கழுவியாகிவிட்டது. யாரும் உன்னிடம் முழுவதும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, சொன்னால் நீ போய் ராசாங்கத்தை அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போவாய் என்று உன் அப்பா என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். இப்போது கேள். விஷக்காய்ச்சல் என்று வைத்தியன் சொல்லிவிட்டான், அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள் என்றும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா நம் வில்வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். வண்டியில் மெத்தைகூடப் போட்டிருந்தேன். ராசாங்கம் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னிக்கு மேக்கால சூலமுங்க, அரியலூர் மேக்கதானே இருக்கு என்றானாம். மேற்கே சூலமென்றால் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்புவது இந்தச் சீமை முழுவதும் வழக்கம். அவ்வளவு பெரிய வீட்டில் வெல்லம் இல்லாமல் போயிற்று! திங்கட்கிழமை போனார், அஷ்டமி என்றான். செவ்வாய்க்கிழமை உன் அப்பாவோடு நானும் வண்டியில் ஏறிப் போனேன். அவன் பெண்டாட்டி உண்ணாமலை வாசற்படியில் நின்றுகொண்டு, செவ்வா வெள்ளி எங்க வூட்டுப் பொண்ணுவ படி தாண்டறதில்லீங்க, மகாலட்சுமியை வெளிய அனுப்பிட்டு நாங்க என்ன பண்றது, நாளைக்கி விடிஞ்சதும் அழைச்சுக்கிட்டுப் போங்க என்றாள். மகாலட்சுமி உள்ளே பாயில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். நான் போய்க் கையைப் பிடித்ததும் கண் திறந்து, வண்டி வந்துடுச்சாம்மா என்று கேட்டாள். வந்துடுச்சு கண்ணு என்றேன். தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நான் எழுந்தேன். சண்டை போட்டுத் தூக்கிப் போனால் பிழைத்து வந்தபிறகு இந்த வீட்டில் சேர்க்கமாட்டார்களே என்று உன் அப்பா தடுத்தார். அவள் புருஷன் தூணில் சாய்ந்துகொண்டு நின்றான். அப்பா சொல்றதுதானுங்க என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. புதன்கிழமை விடியவில்லை, அதற்குள் போய்விட்டாள். வண்டி இரவெல்லாம் அந்த வாசலிலேயே நின்றது, அதே வண்டியில்தான் நானும் உன் அப்பாவும் சுடுகாடு வரைக்கும் பின்னால் போனோம்.

இதற்கு எந்தக் கோர்ட்டில் கேஸ் போடுவது? அடித்தார்களா, இல்லை. விஷம் வைத்தார்களா, இல்லை. மணியக்காரர் காய்ச்சல் என்று எழுதினார், அது நிஜம். ஊரில் யாரும் ராசாங்கத்தை ஒரு கேள்வி கேட்கவில்லை. பொழுது விடிந்தால் அவனிடம் விதைநெல் வாங்குகிறவர்கள் என்ன கேட்பார்கள். கருமாதி அன்றைக்கே அவன், ஆயுசு அவ்வளவுதான், அவ கொண்டு வந்தது அவ்வளவுதான் என்று வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பினான். உன் அப்பாவும் தலையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. அன்றையிலிருந்து இந்த இரண்டு வருஷமாக நான் அடுப்பு மூட்டும்போதெல்லாம் அவனை நினைத்துத்தான் மூட்டுகிறேன். இதைப் படித்து சாந்தா பயப்படுவாள், பயப்படட்டும், பெண் பெற்றவள்தானே, அவளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இந்த ஆடி கடைசியில் ஒரு நாள் உன் அப்பா தலையில் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவிழ்த்தால் ஏட்டுச் சுவடிகள். ராசாங்கம் கொடுத்தனுப்பியதாம். உங்கள் சுவடிச்சாலையில் பழைய ஏடுகள் கொடுக்கிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள், புத்தகத்திலும் அச்சடிக்கிறார்கள் என்று தாசில்தார் யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார். கோயில் தர்மகர்த்தாவாக வர அலைகிறவனுக்கு இது போதாதா? பரம்பரை பரம்பரையாக வித்வான்கள் இருந்த வீடு என்று பலகையில் ஏறப் பார்த்தான். பரணில் எலி கடித்துக் கிடந்ததைச் சுத்தம் செய்து, வரிசைப்படுத்தி, மை தடவி, புதுக் கயிறு கோத்துக் கொடுக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. என் அப்பா ஜாதகம் எழுதினவர், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தாணி பிடித்துப் பழகினவள் என்று அவனுக்குத் தெரியும். போதாதற்கு என் மகன் அந்தச் சாலையிலேயே உத்தியோகம். சம்பந்தியம்மாகிட்ட குடுங்க, அவங்க மகன் கையால வாங்கிக்கிட்டா நமக்குத்தானே பெருமை என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். சம்பந்தியம்மாவாம்! என் பெண் சாம்பலாகி இரண்டு வருஷம், இவனுக்கு நான் இன்னும் சம்பந்தி. மறந்திருப்பேன் என்றே நினைத்துவிட்டான், பெண் வீட்டுக்காரர்கள் மறந்துதான் ஆக வேண்டும் என்பது அவன் எண்ணம். திருப்பி அனுப்பிவிடு என்றார் உன் அப்பா. வைங்க உள்ள, நான் செய்யறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பல்லைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

பிரித்துப் பார்த்தேன். மாட்டு வைத்தியம் சொல்லும் வாகடம் ஒன்று, கோயில் மானியத்தைப் பற்றி ஒன்று, பாதி செல்லரித்த வம்சாவளி ஒன்று, அப்புறம் அவர்கள் குலதெய்வத்தின் மேல் பாடிய அம்மன் மாலை. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அந்த வீட்டில் முன்னொரு காலத்தில் நல்ல மனுஷர்களும் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது. அதன் கடைசியில் எழுதாத வெற்று ஓலைகள் சில கிடந்தன. அப்போதுதான் நீ உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. உள்ளே வந்த ஏடு எதுவும் வெளியே போகாது அம்மா, எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு, பூச்சி அரிக்காமல் எண்ணெய் பூசி, துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிடுவோம், இது நல்லது இது கெட்டது, இது மெய் இது பொய் என்று நாங்கள் கழிப்பதில்லை, யார் என்ன எழுதியிருந்தாலும் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலை என்று பெருமையாக எழுதியிருந்தாய். நல்லது, என்னுடையதையும் காப்பாற்றட்டும் என்று நினைத்தேன். நம் ஊர்க் கோயிலில் ராஜாக்கள் தாங்கள் ஜெயித்ததையெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். என் பெண்ணுக்கு அங்கே இடம் கிடையாது. அவளைக் கொன்றவன் வீட்டு ஏட்டிலேயே, அவன் குடும்பத்துச் சொத்தாக, அவன் பெயர்ப் பலகைக்குக் கீழேயே அவள் கதை இருக்கட்டும், அவன் பேரன் கொள்ளுப்பேரன் பட்டணத்துக்குப் போய் எங்கள் வீட்டு ஏட்டைக் காட்டுங்கள் என்று கேட்டு அதைப் படிக்கட்டும் என்று தோன்றியது. தோன்றியதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கமாட்டேன். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்கு ருசித்துச் சாப்பிட்டேன்.

பழைய ஓலையில் எழுத்தாணி வைத்தால் நொறுங்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, நல்லெண்ணெய் பூசி, பதம் வந்த பிறகு பகல் சாப்பாடு ஆனதும் உட்கார்ந்து சிறுகச் சிறுக எழுதினேன். அந்த ஏட்டின் எழுத்தையே பார்த்து அதே வளைவு, புள்ளி வைக்காமல், அதே இடைவெளி விட்டு எழுதினேன். விளக்குக் கரியையும் கோவை இலைச் சாற்றையும் குழைத்துத் தடவித் துடைத்தபோது எனக்கே என் கை தெரியவில்லை. பாட்டுக் கட்ட எனக்கு வராது, வசனம்தான். ஒரே ஓலை. நீ எப்படியும் பார்க்கப் போகிறாய், இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

"மீன்சுருட்டி ராசாங்கம் வீட்டுக்கு வாழ வந்த புஷ்பவல்லி விஷக்காய்ச்சலில் படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாய்வீட்டு வண்டி வாசலில் நின்றது. ஞாயிறு சூலம் என்று அனுப்பவில்லை. திங்கள் அஷ்டமி என்று அனுப்பவில்லை. செவ்வாய் வீட்டுப் பெண் படி தாண்டக் கூடாது என்று அனுப்பவில்லை. புதன் விடியுமுன் உயிர் போயிற்று. அனுப்பாதவர்கள் ராசாங்கமும் அவன் பெண்டாட்டி உண்ணாமலையும். வாய் திறவாதவன் அவள் புருஷன். இது சத்தியம். இந்த ஓலையை எடுத்தவனும் அழித்தவனும் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போவார்கள்."

இதை அம்மன் மாலைக்கு நடுவில் சொருகிக் கயிறு கோத்துக் கட்டி வைத்துவிட்டேன். அது அப்படியே பட்டணத்துக்கு வந்திருக்கும், நீயாகப் பார்த்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் நூறு வருஷம் கழித்து எவனாவது படித்துவிட்டுத் தலையைச் சொறிந்திருப்பான். அப்படித்தான் நடக்க வேண்டும் என்று இருந்தேன். ஆனால் விஜயதசமி அன்றைக்கு ஏட்டுக்குப் பூஜை செய்து, அதை வழியனுப்பி வைக்கப் போவதாகவும், அன்றைக்கே மகனுக்கு இரண்டாந்தாரமாகச் சிறுவாச்சூரில் பார்த்திருக்கும் பெண்ணுக்கு நிச்சயதாம்பூலம் மாற்றப் போவதாகவும் ராசாங்கம் சொல்லியனுப்பினான். எங்கள் குடும்பத்தில் நல்ல காரியத்துக்கு முன்னால் அம்மன் மாலையில் கயிறு சாத்திப் பார்ப்பது வழக்கம், இப்போது படித்துச் சொல்ல ஆள் இல்லை, சம்பந்தியம்மாவே வந்து படித்தால் புஷ்பவல்லியே வாழ்த்தினது போல இருக்கும் என்றும் சொல்லியனுப்பினான். பஞ்சநாதா, இதைச் சொல்லக் கூசாத நாக்கும் உலகத்தில் இருக்கிறது பார். சாந்தாவுக்குக் கயிறு சாத்துவது தெரியாது, சொல்லு: கட்டியிருக்கும் ஏட்டின் இடுக்கில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூல்கயிற்றை நுழைப்பார்கள், அது எந்த ஓலையில் விழுகிறதோ அதில் இருப்பது தெய்வத்தின் வாக்கு.

போகாதே என்றார் உன் அப்பா. போனேன். கூடத்தில் ஜமக்காளம் விரித்துச் சிறுவாச்சூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வைத்திலிங்கம், சாதுவான மனுஷர், கொஞ்சம் நிலபுலம் உள்ளவர். இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த வீட்டு விஷயம் என்ன தெரியும். மூத்தவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்பது மட்டும் தெரியும். நான் இன்னாரென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஏடு படிக்க வந்த அம்மா என்று உட்கார வைத்தார்கள். பெண்ணின் அம்மா சின்னம்மாள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள், இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி கிட்டத்துலயாங்க, எங்க ஜானகிக்கு அடிக்கடி காய்ச்சல் வருமுங்க, வந்தா நடுங்கிப் போயிடுவா, அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு என்றாள். அரியலூர் எவ்வளவு தூரம் என்று அவளுக்கு நான் என்ன சொல்வது.

அப்புறம் உண்ணாமலை கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை நுழைத்தாள். ஏட்டை என் மடியில் வைத்தார்கள். பிரித்தேன், என் ஓலை. ஊரார் இன்றைக்கும் அம்மன் காட்டிக்கொடுத்தாள் என்று பேசுகிறார்கள். அதிசயம் ஒன்றுமில்லை. அந்த இடத்தில்தான் நான் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், எண்ணெய் பூசிய ஓலை மற்றவற்றோடு ஒட்டாமல் சற்று வாய் திறந்து நின்றது, கயிறு வேறு எங்கே போகும்? ஆனாலும் அதைப் பார்த்ததும் யோசித்தேன். அந்தக் கூடத்தில் ஏடு படிக்கத் தெரிந்தவள் நான் மட்டுமே. அம்மன் மாலையில் மங்களமான பாட்டு ஒன்றை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு மூடியிருக்கலாம். ஓலை பத்திரமாகப் பட்டணம் போய்ச் சேரும், நான் நினைத்தபடி அவன் பரம்பரைக்கே அழியாமல் நிற்கும். படித்துவிட்டால் அவன் அங்கேயே பிடுங்கி உடைத்தாலும் உடைப்பான், இரண்டு மாதமாக நான் செய்தது வீண். ராசாங்கம் பட்டுத்துண்டைத் தோளில் சரி பண்ணிக்கொண்டு, படிங்க சம்பந்தியம்மா, நல்லா எல்லாருக்கும் காது கேக்கறாப்பல படிங்க என்றான். கேட்கிறாற்போலத்தான் படித்தேன். முதல் எழுத்திலிருந்து காராம்பசு வரைக்கும், எங்கேயும் நிறுத்தவில்லை.

படித்து முடித்தேன். ராசாங்கம் துள்ளி எழுந்து, பொய், பொய், இவளே எழுதி வச்சிருக்கா என்று கத்தினான். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். அவர் ஓலையைக் கண்ணுக்கு நேரே வைத்துத் தட்டுத் தடுமாறிக் கூட்டிப் பார்த்துவிட்டு, அவங்க படிச்சதுதாங்க இருக்கு, எழுத்தும் மத்த ஓலை மாதிரியேதான் இருக்கு என்றார். அவ்வளவுதான், அம்மா தாயே என்று நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் ஓலையைப் பிடுங்க வந்தான். உண்ணாமலை ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தொடாதீங்க, அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டீங்கல்ல, கொலம் நாசமாயிடும் என்று அலறினாள். பஞ்சாங்கத்துக்குப் பயந்து என் பெண்ணை அனுப்பாத பெண்பிள்ளை, சாபத்துக்குப் பயந்து என் ஓலையைக் காப்பாற்றினாள். அந்த நிமிஷத்தில் எனக்கு வயிறு குளிர்ந்தது, எவ்வளவு குளிர்ந்தது என்று எழுதினால் நீ உன் அம்மாவைப் பற்றி என்ன நினைப்பாயோ, விட்டுவிடுகிறேன்.

வைத்திலிங்கம் எழுந்து, பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். தாம்பாளத்து வெற்றிலை அப்படியே கிடந்தது. நான் வண்டியில் ஏறும்போது அவர் பக்கத்தில் வந்து, நீங்க யாருங்க என்றார். செத்துப்போனவளைப் பெத்தவ என்றேன். ஏடு பழசோ புதுசோ, அதைப் பத்தி எனக்கு என்னங்க, அதுல இருக்கறது நெசமா, அதை மட்டும் உங்க பொண்ணு மேல ஆணையா சொல்லுங்க என்றார். நெசம் என்றேன். அவர் என் காலில் விழ வந்தார், நான் விடவில்லை. போன வாரம் ஆள் அனுப்பியிருந்தார்கள், ஜானகியைப் பெரம்பலூர்ப் பக்கம் சொந்தத்திலேயே பேசி முடித்துவிட்டார்களாம், கார்த்திகையில் கல்யாணம். ஆகவே இனி நீ என்ன சொன்னாலும் அந்தப் பெண் அந்தப் படி ஏறப் போவதில்லை, அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராசாங்கத்துக்குத் தூக்கம் இல்லை. புதிய எழுத்து என்று உங்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்து, பஞ்சாயத்தைக் கூட்டி, கள்ள ஏடு எழுதினவள் என்று என்னை நடுவில் நிறுத்தி, சபையில் விழுந்து கும்பிட வைக்கிறேன் என்று சபதம் போட்டிருக்கிறான். அதனால் இங்கே ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கோயில் பூசாரி வந்து, ஒங்க மகன் அங்கதானே இருக்காரு, பழசுதான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, அவன் அதோட ஒழிஞ்சான் என்றான். உன் அப்பா, எதற்கு வம்பு, தெரியவில்லை என்று சொல்லிவிடச் சொல் என்கிறார். நான் எழுதிய எழுத்துக்கு உங்கள் பண்டிதர்கள் ஏமாந்தாலும் ஏமாறுவார்கள், ஓலை பழையதுதானே. நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும் என்று உனக்கும் தோன்றும்.

அப்படிச் செய்யாதே. பழையது என்று நீ சொன்னால் என்ன ஆகும் என்று யோசி. அம்மன் எழுதினது என்று ஆகும். ராசாங்கம் என்ன செய்வான்? கொஞ்ச நாள் நடுங்குவான், அப்புறம் சிறுவாச்சூருக்குப் போய்க் காளி கோயிலில் ஒரு கிடாயை வெட்டுவான், பரிகாரம் ஆயிற்று என்று குளித்துவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். தெய்வத்தோடு அவனுக்கு என்றைக்கும் பேரம் உண்டு. என்னோடு கிடையாது. எனக்குப் பரிகாரம் இல்லை, என்னிடம் கிடாய் வெட்டித் தீர்க்க முடியாது. ஆகையால் அவன் வந்து நின்றதும் எல்லாருக்கும் முன்னால் சொல்லு, இது புதிய எழுத்து, இந்த வருஷம் எழுதினது, எழுதியது என் தாய் என்று சொல்லு. அவன் கேட்டபடியே முத்திரை வைத்து எழுதிக் கொடு. உன் மேலதிகாரியிடமும் ஒன்றையும் மறைக்காதே, மறைத்தால்தான் உன் உத்தியோகத்துக்குக் கெடுதல். அவன் அந்தக் காகிதத்தைக் கொடி போலப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வரட்டும். பஞ்சாயத்தைக் கூட்டட்டும். நான் மறுக்கப் போவதில்லை, ஆமாம் நான் எழுதினேன் என்று எழுந்து நிற்பேன். அதற்குப் பிறகு சபையைப் பார்த்துக் கேட்பேன், இதில் எந்த வரி பொய், சொல்லச் சொல்லுங்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்ததா இல்லையா. செவ்வாய்க்கிழமை நான் வாசலில் நின்றேனா இல்லையா. இரண்டு வருஷமாக இந்த ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வியை அவனே சபை கூட்டி, அவனே என்னைக் கேட்க வைக்கப் போகிறான். அவன் ஒவ்வொரு வரிக்கும் நின்று பதில் சொல்லியாக வேண்டும், உண்ணாமலையும் சொல்ல வேண்டும், தூணில் சாய்ந்து நின்றவனும் அன்றைக்காவது வாய் திறக்க வேண்டும். விழுந்து கும்பிடச் சொன்னால் கும்பிட்டுவிட்டு வருகிறேன், எனக்கு இடுப்பு நன்றாகத்தான் வளைகிறது. முதலில் அவன் பதில் சொல்லட்டும்.

இன்னொன்று. பலகையில் பேர் வரும் என்ற ஆசை அவனுக்கு இன்னும் விடவில்லை, மற்ற ஏடுகளையும் உன்னிடம் கொடுத்துவிட்டுத்தான் வருவான். அம்மன் மாலையையும் சேர்த்து வாங்கிக்கொள். வாங்கின பிறகு என் ஓலையை அதிலிருந்து பிரித்து எடுத்துத் தனியாக ஒரு நம்பர் போடு. அவன் வீட்டு ஏட்டுக்குள் ஒளித்து வைத்தது போதும், இனி அது தன் பேரிலேயே நிற்கட்டும். எடுத்தவனுக்குத் தோஷம் என்று எழுதியிருக்கிறதே என்று யோசிக்காதே, சாபம் என்னுடையது, உனக்கு இல்லை என்று எழுதியவளே சொல்கிறேன். வருஷம் போடு, ஊர் போடு. என்ன நூல் என்று கேட்கிற இடத்தில் புஷ்பவல்லி மரணம் என்று எழுது. எழுதியவர் என்கிற இடத்தில் அவள் தாய் என்று எழுது.

மழை விட்டதும் உன் அப்பா பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்ட பிறகு குழந்தையைக் காற்றில் விடாதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்தால் நாளும் கிழமையும் பார்க்காமல் அந்த நிமிஷமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், சாந்தா, இது உனக்குச் சொல்கிறேன், பெரியவர்கள் யார் தடுத்தாலும், நானே வந்து தடுத்தாலும் நிற்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க அம்மன் துணை நிற்கட்டும். ராசாங்கம் வந்து போன விவரத்தை உடனே எழுது. நீ பேசும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்பதையும் விடாமல் எழுது.

இப்படிக்கு,
புஷ்பவல்லியைப் பெற்றவளும் உன்னைப் பெற்றவளுமாகிய
ஜெகதாம்பாள்.